ஊட்டிக் குளிரில் மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால்

மார்கழிக் காலையில் தொட்டி விளக்கைப் போடுகிறீர்கள். மீனின் வாலில் ரவை தூவியது போல வெள்ளையாக நாலைந்து புள்ளி. நேற்று ராத்திரி இல்லை. ஒரு மீன் கூழாங்கல்லில் விலாவைச் சட்டென்று உரசிவிட்டு ஓடுகிறது, இன்னொன்று துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்றே கிடக்கிறது. இந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தவர்களிடமிருந்து போன் வரும், "அண்ணா, எந்த மருந்து ஊத்தட்டும்?" என்று. நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: தண்ணீர் எத்தனை டிகிரி இருக்கிறது?

பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. சமவெளியில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சென்னையிலோ மதுரையிலோ தொட்டி எப்படியும் 27, 28-ல் இருக்கும். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ ஹீட்டர் இல்லாத தொட்டி டிசம்பரில் 13, 14-க்கு இறங்கிவிடும். வெள்ளைப் புள்ளியைப் பற்றி எழுதியிருக்கும் குறிப்புகள் எல்லாம் சூடான ஊர்க்காரர்களுக்காக எழுதியவை. "மூன்று நாள் மருந்து, ஐந்தாம் நாள் சரியாகிவிடும்" என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே இங்கே செய்தால் மீன் சாகும். எங்கள் வீட்டில் செத்திருக்கிறது.

முதலில் அது வெள்ளைப் புள்ளிதானா என்று பார்த்துவிடுங்கள். கல்லுப்பைப் பொடித்துத் தூவியது போல, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாத, தனித்தனியாக எண்ணக்கூடிய புள்ளிகள் துடுப்பிலும் வாலிலும் முதலில் தெரியும், அப்புறம் உடம்புக்கு வரும். மிக நுண்ணியதாக, மஞ்சள்தூளோ தங்கப்பொடியோ பூசியது போல் இருந்தால் அது வேறு நோய், வெல்வெட் என்பார்கள். காலிஃபிளவர் மாதிரி திரண்ட கட்டியாக இருந்தால் அதுவும் வேறு. கோல்டு பிஷ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆண் மீனுக்கு இனப்பெருக்க காலத்தில் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முன் ஓரத்திலும் வரிசையாக வெள்ளைப் பருக்கள் வரும். அது நோயே இல்லை. மீன் சுறுசுறுப்பாக, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, அந்த இரண்டு இடத்தில் மட்டும் புள்ளி இருந்தால் எதையும் ஊற்றாதீர்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். புள்ளி ஒன்றுகூடத் தெரியாமல் மீன் தண்ணீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், உடம்பை உரசும். ஒட்டுண்ணி செவுளுக்குள் மட்டும் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான். அடுத்த தொட்டி மீனுக்குப் புள்ளி இருந்து இதற்கு மூச்சு மட்டும் வாங்கினால், இதற்கும் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது பாக்டீரியாவோ பூஞ்சையோ கிடையாது. ஒரே செல் உள்ள ஓர் ஒட்டுண்ணி, உடம்பெல்லாம் நுண்ணிய மயிரிழைகள், அவற்றை அசைத்து நீந்தும். 1876-ல் வைத்த பெயர் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ். அதன் பொருள் "நிறையப் பிள்ளை பெற்ற மீன்பேன்". அந்தப் பெயரிலேயே முழு விஷயமும் இருக்கிறது.

நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும் தாய். அதன் மேல் மீனின் தோலே ஒரு கூரையாக மூடியிருக்கிறது, எந்த மருந்தும் அங்கே போகாது. தின்று முடித்ததும் அது தோலைக் கிழித்துக்கொண்டு விழும், கூழாங்கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிப் பிசின் போல ஒரு கூடு கட்டும். கூட்டுக்குள்ளும் மருந்து சரியாகப் போகாது. உள்ளே இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை குஞ்சுகள் ஆகும். கூடு வெடித்து அவை வெளியே நீந்தி வந்து மீனைத் தேடும். ஏறக்குறைய 2 நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். உப்போ மருந்தோ எதுவாக இருந்தாலும் இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டும்தான் கொல்லும். நம்முடைய வேலை முழுக்க இந்தச் சின்ன இடைவெளியில்தான் நடக்கிறது.

இப்போது டிகிரிக்கு வருகிறேன். தண்ணீர் 24-26 டிகிரியில் இருந்தால் இந்தச் சுற்று முழுவதும் 3 முதல் 6 நாளில் முடிந்துவிடும். 15 டிகிரியில் அதுவே இரண்டு வாரம்வரை இழுக்கும். 7 டிகிரிக்குக் கீழே போனால் ஐந்து வாரத்துக்கு மேல். குளிர் அதைக் கொல்வதில்லை, மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். அதே குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தியும் குறைந்துபோகும். அதனால் குளிர்ந்த தொட்டியில் ஐந்து நாள் மருந்து போட்டால், அந்த ஐந்து நாளும் ஒட்டுண்ணி தோலுக்கு அடியிலோ கூட்டுக்குள்ளோ பத்திரமாக இருக்கும். நீங்கள் மருந்தை நிறுத்திய பிறகு வெளியே வரும்.

எனக்கு நடந்தது இதுதான். மீன் வளர்க்கத் தொடங்கிய முதல் குளிர்காலம், 14 மீன்கள், மோலி, பிளாட்டி, ஒரு ஜோடி ஏஞ்சல். புள்ளி வந்ததும் கீழே ஒரு கடையில் கேட்டேன், ஒரு நீல மருந்துப் பாட்டிலைக் கொடுத்து நாலு நாள் போடச் சொன்னார்கள். நாலாம் நாள் புள்ளி ஒன்றுகூட இல்லை. சந்தோஷமாக நிறுத்திவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரே காலையில் எல்லா மீனிலும் புள்ளி, முதலில் வந்ததைப் போல ஐந்து மடங்கு. ஒன்பது மீன் போய்விட்டது, இரண்டு ஏஞ்சலும் அதில் சேர்த்தி. தண்ணீர் அப்போது 16 டிகிரி இருந்தது என்பதை அதற்கப்புறம்தான் பார்த்தேன். புள்ளி மறைந்த அந்த நாள் தாய்கள் எல்லாம் கீழே விழுந்து கூடு கட்டிய நாள். அதைக் குணமான நாள் என்று நினைத்துவிட்டேன்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

சூடு

வெப்பமண்டல மீன்கள், அதாவது மோலி, கப்பி, ஏஞ்சல், கௌராமி, பைட்டர், பெரும்பாலான டெட்ராக்கள் இருந்தால் தண்ணீரை 29-30 டிகிரிக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. இரண்டு லாபம். சுற்று வேகமாக ஓடி, ஒட்டுண்ணி சீக்கிரம் வெளியே வந்து அடிபடும். 30 கிட்டப் போகும்போது பெரும்பாலான வகைகளுக்குப் பெருகுவதே முடியாமல் போகும். சூட்டைத் தாங்கும் வகைகளும் உண்டு, அதனால் சூட்டை மட்டும் நம்பாமல் கூடவே உப்பும் சேர்க்கச் சொல்கிறேன்.

ஹீட்டர் பெட்டியில் "100 லிட்டருக்கு 100 வாட்" என்று போட்டிருப்பார்கள். அது அறை 20, 22 டிகிரி இருக்கும் ஊருக்கான கணக்கு. நம் வீட்டு அறை ராத்திரி 12-க்கு வரும்போது 30-க்கு ஏற்ற வேண்டுமென்றால் 18 டிகிரி வித்தியாசம். 100 லிட்டருக்கு 150 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள், ஒன்று இந்த மூலை, ஒன்று அந்த மூலை. ஒரே 300 வாட்டாகப் போடாமல் இரண்டாகப் பிரிப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்று தாங்கும், ஒன்று நிற்காமல் எரியும்படி மாட்டிக்கொண்டாலும் அதனால் மட்டும் தொட்டியைக் கொதிக்கவைக்க முடியாது. தொட்டியின் பின்பக்கமும் இரண்டு ஓரமும் தெர்மோகோல் அட்டை ஒட்டுங்கள், மேலே கண்ணாடி மூடி போடுங்கள், காற்றுக்கு ஒரு விரல் இடைவெளி விட்டு. தொட்டி கல் திண்ணையிலோ சிமெண்ட் மேடையிலோ நேராக உட்கார்ந்திருந்தால் அடியிலும் சூடு போய்க்கொண்டே இருக்கும். அடுத்த முறை தொட்டியைக் காலி செய்யும்போது அடியில் ஒரு தெர்மோகோல் வைத்துவிடுங்கள்.

கண்ணாடியில் வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். குளிர்ந்த அறையில் அது குறைத்துக் காட்டும். உள்ளே முங்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஹீட்டருக்கு எதிர்மூலையில் மாட்டுங்கள். ஹீட்டர் திருகில் 30 என்று வைத்தால் தண்ணீர் 30 ஆகிவிட்டது என்று பொருளில்லை.

ஒரே நாளில் ஏற்றாதீர்கள். 14-ல் இருந்து 30-க்குப் போக நான்கு நாள் எடுத்துக்கொள்ளலாம், ஒரு நாளைக்கு 4 டிகிரி, அதையும் நாள் முழுக்கப் பரப்பி. இரண்டாம் மூன்றாம் நாளில் புள்ளி கூடும். பயந்துபோய் சூட்டைக் குறைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவை வேகமாக வளர்ந்து கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் உப்பு ஏற்கெனவே தண்ணீரில் இருக்க வேண்டும், அதனால் சூடு ஏற்றத் தொடங்கும் அன்றே உப்பையும் தொடங்கிவிடுங்கள்.

மலைக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், இது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். சென்னையில் 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் என்றால், ஊட்டியில் அதே 30 டிகிரித் தண்ணீர் 6 மில்லிகிராமைக்கூடத் தொடாது. செவுளில் ஏற்கெனவே ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும் மீனுக்கு அது மூச்சுத்திணறல். அதனால் சூடு ஏற்றும் முன்பே ஏர் பம்ப்பைப் போட்டுவிடுங்கள், ஒரு ஏர் ஸ்டோன் போதாது, இரண்டு வேண்டும், இரவும் பகலும் ஓட வேண்டும். ஃபில்டர் வாயைத் தண்ணீர்ப்பரப்பை உடைக்கும்படி திருப்பிவையுங்கள். 28-ல் மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் 28-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை உப்பு பார்த்துக்கொள்ளும், இரண்டு மூன்று நாள் கூட ஆகும்.

உப்பு

மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கல்லுப்பு போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம், கல்லின் அளவைப் பொறுத்து கரண்டியில் எடை மாறும். சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். முதலில் தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று பாருங்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். கூழாங்கல்லும் கட்டையும் இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

முதல் நாள் லிட்டருக்கு 1 கிராம். ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரை எடுத்து முழுக்கக் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். கல்லாகப் போட்டால் அது மேலே விழும் மீனின் தோலைப் பொசுக்கும். மறுநாள் இன்னொரு கிராம். மோலி, கப்பி, பிளாட்டிக்கு 2 கிராமில் நிறுத்தலாம், கோல்டு பிஷ்ஷுக்கு மூன்றாம் நாள் இன்னொன்று போட்டு 3 கிராம்வரை போகலாம். டெட்ரா, கோரிடோரஸ், லோச், செதிலில்லாத கெளுத்தி வகைகள் இருந்தால் 1 கிராமோடு நின்றுவிடுங்கள், சூட்டை நம்புங்கள். செடிகள் பல 2 கிராமுக்கு மேல் தாங்காது. நத்தையையும் இறாலையும் தனி வாளிக்கு மாற்றிவிடுங்கள். அந்த வாளியில் மீன் இருக்கக் கூடாது, ஒரு சின்ன ஹீட்டர் போட்டு 25 டிகிரியில் பத்து நாள் வைத்தால், ஓட்டில் ஒட்டிக்கொண்டு வந்த கூடுகளும் மீன் கிடைக்காமல் ஒழிந்துபோகும்.

உப்பு ஆவியாவதில்லை. தண்ணீர் வற்றிப்போனதற்கு ஊற்றும்போது உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வெளியே எடுத்து மாற்றிய தண்ணீருக்கு மட்டும் அந்த அளவு உப்பைக் கணக்குப் பண்ணிச் சேருங்கள். இதைத் தவறவிட்டு உப்பு ஏறிக்கொண்டே போய் மீனை இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

மருந்து வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சூடும் உப்பும் போட்டு ஐந்து நாளில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால், அல்லது 30-ஐத் தாங்காத மீன்கள் என்றால், மாலகைட் க்ரீன் கலந்த மருந்துக்குப் போகலாம். பாட்டிலில் அளவு தெளிவாக அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் தரும் பச்சைப் பொடியைத் தொடாதீர்கள், அதில் ஒரு சிட்டிகை கூடினாலும் விஷம். டெட்ராவுக்கும் செதிலில்லாத மீனுக்கும் எழுதியிருப்பதில் பாதி அளவு. ஃபில்டரில் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தையெல்லாம் உறிஞ்சிவிடும். விளக்கை அணைத்துவிடுங்கள், வெளிச்சத்தில் இந்த மருந்து வீரியம் இழக்கும். மருந்து போடும்போது சூட்டை 25, 26-ல் வையுங்கள், 30-உம் மருந்தும் சேர்ந்தால் மீனுக்கு இரண்டு பக்கமும் அடி. ஒன்றுவிட்டு ஒரு நாள் மருந்து, ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் கால்பங்குத் தண்ணீர் மாற்றம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சாப்பிடும் மீன் வளர்க்கும் தொட்டியிலோ குட்டையிலோ இதைப் போடவே கூடாது.

பார்மலின் கலந்ததை மலையில் நான் பரிந்துரைப்பதில்லை. அது தண்ணீரிலிருந்தே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், நமக்கு இருப்பதே குறைவு. அதோடு பார்மலின் பாட்டிலைக் குளிரில் வைத்தால் அடியில் வெள்ளையாக வண்டல் படியும். அந்த வண்டல் மீனுக்குக் கடும் விஷம். உறைபனி விழும் ஜனவரியில் வெளி ஷெட்டில் கிடந்த பாட்டிலை எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் குலுக்கிப் பார்க்காதீர்கள், அந்தப் பாட்டிலே வேண்டாம்.

தாமிரம், அதாவது காப்பர் கலந்த மருந்துகளும் வேண்டாம். நம் தண்ணீர் மென்மையானது, சோலையிலும் பாறையிலும் வடிந்து வரும் மழைத்தண்ணீர், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மென்மையான தண்ணீரில் தாமிரத்தின் விஷம் பல மடங்கு ஏறும். மெத்திலீன் ப்ளூ என்ற அந்த நீல மருந்து முட்டைக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நல்லது, தனி டப்பில் போடலாம். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் போட்டால் ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும், அப்புறம் அமோனியா ஏறி மீன் அதில் சாகும். என் ஒன்பது மீனில் சிலது அப்படித்தான் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

தினமும்

தினமும் ஒரு தடவை சைபன் குழாயால் கூழாங்கல்லின் அடிவரை உறிஞ்சி எடுங்கள். விழுந்த தாய்களும் கூடுகளும் அங்கேதான் இருக்கின்றன, நீங்கள் வெளியே எடுக்கும் ஒவ்வொரு கூடும் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் குறைவு. உப்பு, மருந்து எதற்கும் இணையான வேலை இது, ஆனால் சலிப்பாக இருப்பதால் எல்லோரும் இரண்டாம் நாளே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். கையை விடும் முன்னும் தண்ணீர் மட்டம் இறக்கும் முன்னும் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பத்து நிமிடம் ஆறட்டும். சூடான ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.

புதுத் தண்ணீர் தொட்டியின் சூட்டிலேயே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் இங்கே டிசம்பரில் 12 டிகிரி வரும், அதை அப்படியே ஊற்றினால் நான்கு நாள் பட்ட பாடு வீண். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி கிட்டவே கொதித்துவிடும். அந்தக் கொதிநீர் ஒரு பங்குக்கு 12 டிகிரிக் குழாய்த் தண்ணீர் நான்கு பங்கு சேர்த்தால் 28 கிட்ட வரும், தெர்மாமீட்டர் விட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சுங்கள், செப்பு அண்டா வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். குளோரின் போட்டு வரும் தண்ணீர் என்றால் ஆன்டி க்ளோரின் சொட்டு விட்ட பிறகே தொட்டிக்கு.

தீனியைக் கொஞ்சமாகப் போடுங்கள், பட்டினி போடாதீர்கள்.

எப்போது நிறுத்துவது

கடைசிப் புள்ளி மறைந்த நாளை காலண்டரில் எழுதிவையுங்கள். அதிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்குகிறது. 29-30 டிகிரியில் இருந்தால் இன்னும் ஒரு முழு வாரம் உப்பும் சூடும் அப்படியே இருக்கட்டும். 25-ல் என்றால் பத்து நாள். 18-ல் என்றால் மூன்று வாரத்துக்குக் குறையக் கூடாது. இடையில் ஒரு புள்ளி எட்டிப்பார்த்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். முடிந்ததும் சூட்டையும் ஒரு நாளைக்கு இரண்டு டிகிரியாக இறக்கி 25-ல் நிறுத்துங்கள், உப்பைத் தண்ணீர் மாற்றி மாற்றியே குறையுங்கள்.

குன்னூர்த் தம்பி ஒருவர் போன வருடம் ஆறாம் நாளே கூப்பிட்டார், "அண்ணா, சுத்தமா போயிடுச்சு, ஹீட்டர் கரண்ட் பில் எகிறுது, எடுத்துடட்டுமா?" என்று. "இன்னும் ஏழு நாள் பொறு தம்பி, பில்லைவிட மீன் விலை ஜாஸ்தி" என்றேன். பொறுத்தார். அவருடைய மீன்களுக்கு இதுவரை திரும்பி வரவில்லை.

கோல்டு பிஷ் தொட்டிக்கு 30 வேண்டாம். அது குளிர்ந்த தண்ணீர் மீன். 24 வரை மெல்ல ஏற்றி, 3 கிராம் உப்போடு, புள்ளி மறைந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்தால் போதும். ஹீட்டரே இல்லை, வாங்கவும் வழியில்லை என்றால் 15 டிகிரியிலேயே உப்பை வைத்துக்கொண்டு, தினமும் சைபன் செய்துகொண்டு ஒரு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும். முடியும், ஆனால் ஒரு மாதம் என்றால் முழு ஒரு மாதம்.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜூலை மழையில் ஊட்டிப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் ஒரு மரம் சாய்ந்தால் கரண்ட் போய்விடும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சிகிச்சை நடக்கும்போது கரண்ட் போனால் முதலில் காற்று, அப்புறம்தான் சூடு. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அதுவும் இல்லாவிட்டால் ஒரு மக்கில் தண்ணீரை மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்கள், மேலே முழுக்க மூடிவிடாதீர்கள். பாட்டிலில் வெந்நீர் நிரப்பி நன்றாக மூடி தொட்டிக்குள் மிதக்கவிடலாம். சூடு மெதுவாக இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் மீன் தாங்கும், எண்ணிக்கையில் மட்டும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து வந்தது

"இந்த நோய் தண்ணீரிலேயே எப்போதும் இருக்கும், மீன் சோர்ந்தால் வரும்" என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை. மீன் இல்லாமல் இந்த ஒட்டுண்ணி நாள் கணக்கில்தான் உயிரோடு இருக்கும், குளிரில் சில வாரம். தொட்டிக்கு யாரோ கொண்டுவந்தால்தான் வரும். புது மீன், புதுச் செடி, ஈர வலை, மீன் வந்த கவர் தண்ணீர், இவைதான் வழி.

இங்கே வரும் மீன்களில் நிறைய சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் கைமாறி, கோவை வழியாக மேட்டுப்பாளையம் வந்து, கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வருகின்றன. 29 டிகிரியில் கிளம்பிய கவர் நான்கு மணி நேரத்தில் 17-க்கு வந்துவிடும். இந்த அதிர்ச்சியில், செவுளில் ஒன்றிரண்டாக இருந்த ஒட்டுண்ணி ஒரே வாரத்தில் உடம்பெங்கும் பரவும். கீழே போய் வாங்கினால் ஒரு தெர்மோகோல் பெட்டி எடுத்துப்போங்கள், கவரை அதற்குள் வைத்து டேப் ஒட்டிக் கொண்டுவாருங்கள், பஸ் ஜன்னலோரம் மடியில் வைத்து வராதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டிக்குள் விடவே கூடாது. 20 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு 50 வாட் ஹீட்டர், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், மேலே ஒரு மூடி. மூன்று வாரம் 26 டிகிரியில் அங்கேதான். நோய் இருந்தால் அந்த மூன்று வாரத்தில் வெளியே வந்துவிடும், 20 லிட்டருக்கு மட்டும் உப்பு போட்டால் போதும். 26-ல் மூன்று வாரம் என்பது முக்கியம். 15 டிகிரியில் மூன்று வாரம் வைத்தால் ஒன்றும் தெரியாமலே போகலாம், பிறகு சூடான தொட்டிக்கு மாற்றிய அடுத்த வாரம் கிளம்பும்.

டப்புக்குத் தனி வலை, தனி சைபன். காய்ந்தால் இந்த ஒட்டுண்ணி செத்துவிடும், ஆனால் மூடுபனிக் காலத்தில் இங்கே எதுதான் காய்கிறது? வலையைக் கொடியில் மூன்று நாள் போட்டாலும் ஈரமாகவே இருக்கும். கொதிநீரில் முக்கி எடுங்கள், அப்புறம் அடுப்புப் பக்கம் தொங்கவிடுங்கள்.

சிகிச்சை நடக்கும்போது எடுக்கும் தண்ணீரை ஓடையிலோ ஏரிப்பக்கம் போகும் வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், செத்த மீனையும் அங்கே போடாதீர்கள், மண்ணில் ஆழமாகப் புதையுங்கள். நம் ஓடைகளில் நீலகிரி டேனியோ என்று ஒரு சின்ன மீன் இருக்கிறது, இந்த மலைப்பக்கத்தை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இருப்பதே குறைவு. அவலாஞ்சியில் 1907-லிருந்து வளர்த்து ஆறுகளில் விட்ட ட்ரவுட் மீன்களும் இருக்கின்றன. இந்த ஒட்டுண்ணி நன்னீர் மீன் எதையும் விட்டுவைக்காது. உப்பு மட்டும் போட்ட தண்ணீரை வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஊற்றலாம், தேயிலைச் செடிக்கோ கேரட் பாத்திக்கோ வேண்டாம். மாலகைட் க்ரீன் போட்ட தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, ஃபில்டருக்குப் போடும் புதுக் கரி ஒரு பிடி போட்டு, பச்சை நிறம் முழுக்கப் போகும்வரை வைத்திருந்து, அதற்கப்புறம் அதே கழிவுநீர்த் தொட்டிக்கு ஊற்றுங்கள்.